மரைக்குச் சிறுத்தை வாடை அடித்தால்

சுமார் 2,100 மீற்றர் உயரத்து ஹோட்டன் சமவெளியில் மேயும் மரைக்குச் சிறுத்தை வாடை அடித்ததும் காது விறைக்கும், வால் நிமிரும், முன்னங்கால் தரையை உதைக்கும். எல்லாம் நரம்பின் வேலை, நொடியில் முடிந்துவிடும்.

கூடவே, சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பிக்கும் நரம்பு வழியே உத்தரவு போகிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலக்கும் அதிரீனலின் என்ற ஓமோன் இதயத் துடிப்பைக் கூட்டும். ஈரலில் சேமித்த சர்க்கரையை அவிழ்த்துவிடும். குடலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து, ஓடும் தசைகளுக்குத் திருப்பும். சிறுத்தை போன பிறகும் சில நிமிடம் அந்தப் படபடப்பு அடங்காது.

ஆண் மரையின் கொம்புக்கு இத்தனை அவசரமில்லை. டெஸ்தொஸ்தரோன் ஓமோன் குறையும்போது உதிர்ந்து, புதிதாய் முளைக்கும்.

மனிதரைக் கண்டு மிரளாத மரைகளும் இங்கே உண்டு. தின்பண்டம் காட்டிப் பழக்கியதன் விளைவு. தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள்.