தரவரிசை தராத பெயர்

அடைமொழியின் வலிமையை நெய்வேலிக்காரர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1956-ல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.க்கு 2011-ல் 'நவரத்னா' தகுதி கிடைத்தது. அன்றைக்கு நிலக்கரியின் தரம் கூடிவிடவில்லை. கூடியது நிர்வாகத்தின் அதிகாரம்: வரம்புக்கு உட்பட்டு 1,000 கோடி ரூபாய் வரையிலான முதலீட்டை டெல்லியைக் கேட்காமலே இயக்குநர் குழு முடிவுசெய்யலாம். உயர்கல்வியிலும் இதுதான் நடக்கிறது. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் ஆண்டுதோறும் வெளியாகிறது. இடங்கள் ஏறும், இறங்கும். ஆனால் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் முதலில் எழும் கேள்வி எத்தனையாவது இடம் என்பதல்ல, ஐ.ஐ.டி.யா என்.ஐ.டி.யா என்பதுதான். அந்த மூன்றெழுத்தை எந்த மதிப்பீட்டாளரும் வழங்குவதில்லை, அரசு வழங்குகிறது.

1964-ல் தொடங்கிய திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரி, மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து நடத்திய நிறுவனம். 2003-ல் அது என்.ஐ.டி. ஆனது. துவாக்குடி வளாகம் அதேதான், ஆசிரியர்களும் அவர்களேதான். 1847-ல் தொடங்கிய ரூர்க்கி கல்லூரியும் அப்படித்தான். பல்கலைக்கழகமாக வளர்ந்து, 2001-ல் ஐ.ஐ.டி. ஆனது. அதைவிடப் பழையது நம் கிண்டி பொறியியல் கல்லூரி. அதன் வேர் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. ஆனால் அதற்கு அந்த எழுத்துகள் வாய்க்கவில்லை. வயதும் பாரம்பரியமும் மட்டுமே போதுமென்றால் வரிசை வேறு மாதிரி அமைந்திருக்கும். அமெரிக்காவின் 'ஐவி லீக்' இன்னும் வேடிக்கை: எட்டுப் பல்கலைக்கழகங்கள் 1954-ல் விளையாட்டுப் போட்டிகளுக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. எம்.ஐ.டி.யும் ஸ்டான்ஃபோர்டும் அதில் இல்லை.

நல்ல மாணவர்கள் சேர்வதால்தானே பெயர் நிற்கிறது என்று கேட்கலாம். நிற்பது உண்மை, வந்தது அதனால் அல்ல. பெயரைப் பார்த்து மாணவர் வருகிறார், மாணவரைப் பார்த்து வேலை தரும் நிறுவனம் வருகிறது, இரண்டும் சேர்ந்து தரவரிசையை உயர்த்துகின்றன. இந்தச் சுழற்சியை முதலில் உருட்டிவிடுவது அரசின் பணமும் தன்னாட்சியும். 2018-ல் 'சிறப்புமிகு கல்வி நிறுவனம்' என்ற பட்டியலில் ஜியோ இன்ஸ்டிட்யூட் இடம்பெற்றபோது அங்கே ஒரு மாணவர்கூடச் சேர்ந்திருக்கவில்லை. புதிதாகத் தொடங்க இருப்பவற்றுக்கும் விதியில் இடமுண்டு என்றது அரசு. விதிப்படி சரிதான், ஆனால் அடைமொழி தரத்தின் சான்றிதழ் என்ற வாதத்துக்கு அதன் பிறகு உயிரில்லை.

எதிர்த்திசையில் ஒரு சாட்சி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. 1900-ல் ஐடா ஸ்கடர் சிறிதாகத் தொடங்கியது. எய்ம்ஸ் போலவோ ஜிப்மர் போலவோ நாடாளுமன்றச் சட்டம் தந்த 'தேசிய முக்கியத்துவம்' அதற்கு இல்லை. ஆனாலும் வங்காளத்திலிருந்து ரயிலேறி வரும் நோயாளி அதைக் கேட்பதில்லை. மருத்துவத்தில் நோயாளியே நேரடியாக மதிப்பிடுகிறார். பொறியியலில் அப்படியொரு நடுவர் இல்லை, அதனால் எழுத்துகளுக்கு விலை கூடுகிறது.

அடைமொழி வெறும் பெயர், வேலைக்குத் திறமைதான் முக்கியம் என்பாருக்கு நெய்வேலியே ஆதாரமாகத் தெரியலாம். என்.எல்.சி. பட்டதாரிப் பொறியாளர்களை 'கேட்' தேர்வு மதிப்பெண் வழியாக எடுக்கிறது. அந்த மதிப்பெண்ணில் கல்லூரிப் பெயருக்கு இடமில்லை. ஆனால் 2022-ல் இந்த முறையால் தமிழக இளைஞர்கள் ஒதுக்கப்படுகிறார்கள் என்று மாநில அரசே எதிர்ப்புத் தெரிவித்தது. தேர்வுக் கூடத்தில் பெயர் மறையலாம். அதற்கு முந்தைய நான்கு ஆண்டுப் பயிற்சியின் ஏற்றத்தாழ்வு மறையாது.

அப்படியானால் அடைமொழி கிடைக்கும்போது வாங்கிக்கொள்வதுதானே? அண்ணா பல்கலைக்கழகத்துக்குச் 'சிறப்புமிகு' தகுதி தர மத்திய அரசு முன்வந்தபோது, 69 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு ஆபத்து வரலாம் என்று 2020-ல் தமிழக அரசு மறுத்தது. அத்துடன் வந்திருக்கக்கூடிய பணத்தை இழந்தோம் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆய்வுக்கூடங்களுக்கு அது தேவை. ஆனாலும் 2024 என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் முதலிடம் அண்ணா பல்கலைக்கழகத்துக்குத்தான். அதன் அங்கமான கிண்டிக் கல்லூரியில் சேர இன்றும் ஜே.இ.இ. வேண்டாம், பிளஸ் டூ கட்-ஆஃப் போதும். பயிற்சி மையத்துக்கு லட்சங்கள் கட்ட முடியாத ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம்.