கணக்கு முடிக்கும் முன்: ஆட்குறைப்பும் அடுத்த வேலையும்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மில்லோ பவுண்டரியோ நிற்கப் போகிறது என்று பேச்சு கிளம்பினால், முதலில் வரும் கேள்வி "கணக்கு எப்ப முடிக்கறாங்க?" என்பதுதான். எந்தக் கணக்கு, எந்தச் சட்டப்படி என்பதெல்லாம் அப்புறம். கூடவே இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வரும்: "இதுக்கிடையில வேற வேலைக்குப் போலாமுங்களா? போனா இது போயிருமா?" இந்தக் குறிப்பு அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது.

பஞ்சாலையிலிருந்து வந்த சட்டம்

தொழில் தகராறுகள் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. ஆனால் ஆட்குறைப்புக்கு இழப்பீடு என்ற ஏற்பாடு அதில் அப்போது இல்லை. 1953-ல் நாடெங்கும் துணி மில்களில் சரக்கு தேங்கி, ஆட்களை நிறுத்தி வைக்கும் நிலை வந்தபோதுதான், அந்த அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டு அந்தப் பகுதியைச் சேர்த்தார்கள். 300 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலைகள் அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பது 1976-ல் வந்தது. 1982 திருத்தம் அதை 100 ஆக்கியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் மறுபடி 300 ஆக்கிவிட்டது. நம்ம பக்கத்துச் சின்ன ஸ்பின்னிங் மில்கள், பம்ப் கம்பெனிகள், பவுண்டரிகளில் ஏராளமானவை அந்த எண்ணைத் தொடாதவை. அங்கே அரசு அனுமதி என்ற தடுப்பு கிடையாது. நோட்டீசும் இழப்பீடும் மட்டும்தான் பாதுகாப்பு.

பெயர் மாறினால் பணமும் மாறும்

எல்லாவற்றையும் "வேலை போச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

லே-ஆஃப்: வேலை தற்காலிகமாக இல்லை, ஆனால் ஆள் இன்னும் ரோலில் இருக்கிறார். 50 பேருக்குக் குறையாத ஆலையில் ஒரு வருஷ சர்வீஸ் இருந்தால், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி கிடைக்கும். பதிலி ஆளுக்குக் கிடையாது என்பார்கள். ஒரு வருஷத் தொடர் சர்வீஸ் முடித்த பதிலிக்கு உண்டு. பொதுவாக 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு வருஷம்.

ஆட்குறைப்பு: ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கான சம்பளம். கூடவே சர்வீஸ் ஆன ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். இதைக் கொடுத்துவிட்டுத்தான் ஆளை நிறுத்த முடியும். கொடுக்காமல் நிறுத்தினால் அது செல்லாது என்று 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

மூடல்: இழப்பீட்டுக் கணக்கு ஏறக்குறைய அதேதான். ஆனால் முன்கூட்டியே பணம் கொடுத்தால்தான் மூடல் செல்லும் என்ற நிபந்தனை இல்லை. அதனால் மூடிய கேட்டுக்கு வெளியே நின்று பணம் கேட்கும் நிலை இதில்தான் அதிகம்.

ராஜினாமா: மேலே சொன்ன எதுவும் கிடையாது.

எதுவுமே இல்லாத ஒரு நிலை

தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கோவை மில்களை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கஜா, கம்போடியா, முருகன், ஸ்ரீரங்கவிலாஸ், ஊர்க்காரர்கள் ஸ்டேன்ஸ் மில் என்று சொல்லும் சி.எஸ். அண்ட் டபிள்யூ. 1888-ல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்தான் இந்த ஊரின் முதல் பஞ்சாலை. 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற இந்த மில்கள் அதற்குப் பிறகு பழையபடி ஓடவில்லை. மூடிவிட்டோம் என்றும் சொல்லவில்லை, ஆட்குறைப்பும் செய்யவில்லை. தொழிலாளர்கள் குறைத்த சம்பளத்துக்கும் பாக்கிக்கும் போராடிக்கொண்டு வருஷக்கணக்கில் இருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு ஸ்பின்னிங் ஆள் இந்த நிலையில் என்ன செய்வார்? செக்யூரிட்டி வேலைக்குப் போவார், ஆட்டோ ஓட்டுவார். அங்கேதான் அந்த இரண்டாவது கேள்வி வருகிறது.

வேறு வேலைக்குப் போனால்?

நிலைமையைப் பொறுத்துப் பதில் மாறும்.

லே-ஆஃப் காலத்தில் தினமும் ஒரு தடவையாவது குறித்த நேரத்தில் ஆலைக்குப் போய் ஆஜராக வேண்டும். போகாத நாளுக்குப் பாதிச் சம்பளம் கேட்க முடியாது. அதே முதலாளி, அதே ஊரிலோ சுமார் 8 கிலோமீட்டருக்குள்ளோ உள்ள தன் இன்னொரு ஆலையில், தனித்திறமை தேவைப்படாத, உங்களால் செய்யக்கூடிய வேலையைப் பழைய சம்பளத்துக்கே கொடுத்தால், அதை மறுத்தாலும் லே-ஆஃப் பணம் போகும். சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்தால் இந்த விதி பொருந்தாது. இது முதலாளி கொடுக்கும் மாற்று வேலைக்கு மட்டும்தான். வெளியே யாரோ கூப்பிட்ட வேலையை மறுத்தால் ஒன்றும் ஆகாது.

ஆட்குறைப்பு நடந்துவிட்டால், மறுநாளே வேறு வேலையில் சேரலாம். இழப்பீடு ஏற்கனவே செய்த சர்வீசுக்கானது, குறையாது.

வழக்கு நடக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். வேலையைத் திரும்பப் பெறுகிறவர் இடைப்பட்ட காலத்துச் சம்பளமும் கேட்டால், அப்போது எங்கே எவ்வளவு சம்பாதித்தார் என்பதை நீதிமன்றம் பார்க்கும். வேலையில் இருந்ததை மறைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடுவதே நல்லது.

இன்னொன்று. "வேற வேலைக்குப் போயிட்டான், அதனால பேரை எடுத்துட்டோம்" என்று நிர்வாகம் சும்மா சொல்லிவிட முடியாது. விளக்கம் கேட்காமல், விசாரணை இல்லாமல் பெயரை நீக்குவது தவறு என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

ஒரு கணக்கு

சம்பளம் 18,000 ரூபாய், சர்வீஸ் 12 வருஷம் 7 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் 13 வருஷமாகக் கணக்காகும்.

ஆட்குறைப்பு இழப்பீடு: அரை மாதச் சம்பளம் 9,000 × 13 = 1,17,000.
நோட்டீஸ் சம்பளம்: 18,000.
கிராஜுவிட்டி: 18,000 × 15 ÷ 26 × 13 = 1,35,000.

மொத்தம் 2,70,000. கிராஜுவிட்டி பொதுவாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் கணக்காகும். படிகள் தனியாக இருந்தால் அந்த வரி குறையும். பி.எஃப்., போனஸ், லீவு சம்பளம் தனி. புதிய சட்டப்படி மறுபயிற்சிக்கென்று கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையும் 45 நாளுக்குள் வங்கிக் கணக்கில் வர வேண்டும்.

இப்போது யாராவது ஒரு லட்சத்தை மேசையில் வைத்து "எழுதிக் குடுத்துட்டு வாங்கிக்கப்பா" என்றால், எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியும். கிராஜுவிட்டி எப்படியும் வர வேண்டியது. ராஜினாமா செய்தாலும் ஐந்து வருஷம் முடிந்திருந்தால் உண்டு. அதையே "சலுகை" மாதிரி காட்டினால் ஏமாற வேண்டியதில்லை.

சரவணம்பட்டிக்கும் இது பொருந்துமா?

ஐ.டி. கம்பெனிக்காரர்கள் "நமக்கு லேபர் லா கிடையாது" என்று நினைப்பது சகஜம். தொழில் தகராறுகள் சட்டம் ஐ.டி. நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. விசிட்டிங் கார்டில் "மேனேஜர்" என்று இருந்தாலும், உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதுதான் கேள்வி. கீழே ஆள் இல்லாமல் கோட் எழுதுகிறவர், டெஸ்ட் செய்கிறவர் தொழிலாளி என்றே வாதாடலாம். அங்கே ஆட்குறைப்பு பெரும்பாலும் ராஜினாமா வடிவில்தான் வருகிறது. எச்.ஆர். அறையில் "நீங்களா எழுதிக் குடுத்தா ரிலீவிங் லெட்டர் நல்லா வரும்" என்பார்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று எழுந்து வந்து, நடந்ததை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடலாம்.

கையில் இருக்க வேண்டியவை

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. எண். தற்காலிகம் என்று வைத்திருந்தால் வருகைப் பதிவின் நகல். தமிழ்நாட்டின் 1981 சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரமாக்கப்பட வேண்டியவர். இ.எஸ்.ஐ.யில் வேலையிழப்புப் படியும் உண்டு. ஆனால் ஆட்குறைப்பு, மூடல் போன்ற காரணங்களுக்குத்தான், தானாக விட்டு வந்தவருக்கு அல்ல.

முதலில் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு. 45 நாளில் முடியாவிட்டால் நேராகத் தீர்ப்பாயம் போகலாம். முன்பு அதற்கு மூன்று வருஷம் அவகாசம் இருந்தது, புதிய சட்டத்தில் இரண்டு. ஆட்குறைப்புக்குப் பின் ஒரு வருஷத்துக்குள் அதே கம்பெனி புது ஆள் எடுத்தால், முதலில் பழைய ஆளைத்தான் கூப்பிட வேண்டும். அதனால் புது வேலைக்குப் போனாலும் பழைய மில்லில் இப்போதைய முகவரியையும் போன் நம்பரையும் எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.