தொப்பையைக் குறைக்க ஆபரேஷனா? முதலில் ஒரு ஸ்கேன்!

"டாக்டர், ரெண்டாவது பிரசவம் முடிஞ்சு நாலு வருஷமாச்சு. இன்னமும் பஸ்ஸில் 'எத்தனாவது மாசம்?'னு கேட்கறாங்க. ஆபரேஷன் பண்ணிக்கிறதா முடிவு பண்ணிட்டேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட எண்ணெய் ஏதாவது இருக்கான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்!"

அந்த அம்மாவைப் படுக்கச் சொன்னேன். தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்துக்கொண்டு, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொன்னேன். நடுவயிற்றில் மூன்று விரல் இறங்கியது. இருமச் சொன்னேன். தொப்புள் ஓரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஏதோ வந்து விரலில் இடித்தது. எண்ணெய் கொடுக்கவில்லை. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தேன்.

'சித்த வைத்தியர் ஸ்கேன் எழுதறாரே!' என்று நினைக்கிறீர்களா? எங்கள் எண்வகைத் தேர்வில் தொட்டுப் பார்க்கும் ஸ்பரிசமும் ஒன்று. ஆனால், கொழுப்பு தடித்த வயிற்றில் விரலுக்கு எட்டாதது நிறைய உண்டு.

எல்லாத் தொப்பையும் ஒன்றல்ல. தோல் தளர்ந்து தொங்கலாம். தோலுக்கு அடியில் கொழுப்பு சேரலாம். குடலைச் சுற்றி உள்ளே கொழுப்பு தங்கலாம். இன்னொன்று, பெண்கள் பலருக்கும் தெரியாதது: தசை விலகல்.

வயிற்றின் நடுவே இரண்டு நீளத் தசைகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. கர்ப்பத்தில் வயிறு பெருக்கும்போது, இரண்டையும் இணைக்கும் நடு நார்ப்பட்டை அகன்றுவிடும். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் சுருங்கும். சிலருக்குச் சுருங்காது. இந்த இடைவெளி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தசை விலகல் என்கிறோம். அந்த நார்ப்பட்டையிலோ தொப்புளிலோ ஓட்டை விழுந்து, உள்ளேயுள்ள கொழுப்போ குடலோ பிதுங்கினால் அது ஹெர்னியா.

இவற்றைப் பிரித்துக் காட்ட அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் பெரும்பாலும் போதும். வலி கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. தலையைத் தூக்கச் சொல்லி, முக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அப்போதுதான் ஒளிந்திருக்கும் ஹெர்னியா தலைகாட்டும். பழைய ஆபரேஷன் தழும்புகள் நிறைய இருந்தாலோ, ஹெர்னியா பெரிதாக இருந்தாலோ, உடல் ரொம்பப் பருமனாக இருந்தாலோ சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். அதில் கதிர்வீச்சு உண்டு. அதனால் டாக்டர் தேவை என்றால் மட்டும் எடுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

'எப்படியும் வெட்டித்தானே பார்க்கப் போறாங்க, முன்னாடியே எதுக்குப் படம்?' என்று வீட்டில் கேட்பார்கள். டம்மி டக் ஆபரேஷனில் அடிவயிற்றில் நீளமாகக் கீறி, தோலை மேலே வரை பிரித்து, விலகிய தசைகளைச் சேர்த்துத் தைத்து, மிச்சத் தோலை வெட்டி எடுப்பார்கள். சிலருக்குக் குழாய் விட்டுக் கொழுப்பையும் உறிஞ்சுவார்கள். ஹெர்னியாவுக்குள் குடல் இருப்பது தெரியாமல் குழாயோ கத்தியோ பட்டால் குடல் ஓட்டையாகி, உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பே தெரிந்தால் சர்ஜன் அதற்கேற்பத் திட்டமிடுவார்.

இன்னொரு லாபமும் உண்டு. உள்கொழுப்புதான் காரணம் என்றால் இந்த ஆபரேஷன் அதைத் தொடாது. பணம் செலவழித்த பிறகும் வயிறு முன்தள்ளியே நிற்கும். அவர்களுக்கு மருந்து, சாப்பாட்டுத் தட்டிலும் தினசரி நடையிலும்தான் இருக்கிறது.

இன்னும் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்கள். மறு கர்ப்பத்தில் தைத்த தசை மீண்டும் விலகலாம். சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு என்று முன்பு நடந்த எல்லா ஆபரேஷனையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வயிற்றில் வீக்கம் தெரிந்தால் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள். வீக்கம் உள்ளே போகாமல் கடும் வலியும் வாந்தியும் வந்தால், கஷாயம் வைத்துக் கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அந்த அம்மாவுக்கு ஸ்கேனில் தசை விலகலோடு தொப்புள் ஹெர்னியாவும் தெரிந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த சர்ஜன், இரண்டையும் சேர்த்தே சரிசெய்தார். நான் எண்ணெய் கொடுத்து அனுப்பியிருந்தால் எனக்கு நாலு காசு கிடைத்திருக்கும். அந்த அம்மாவின் ஹெர்னியா அப்படியே இருந்திருக்கும்!