சவுத் பசிபிக்: மேடையேறிய போர்க்காலக் காதல்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை அதிகாரியாகப் பசிபிக் தீவுகளில் பணியாற்றியவர் ஜேம்ஸ் மிச்சனர். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்து அவர் எழுதிய கதைகள் 1947இல் நூலாயின. மறு ஆண்டே புலிட்சர் பரிசு. அந்தக் கதைகளிலிருந்து இரண்டு காதல்களைக் கோத்து, ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையிலும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் பாடல்களிலும் உருவான இசைநாடகம் 1949 ஏப்ரல் 7 அன்று நியூயார்க்கின் மெஜஸ்டிக் அரங்கில் அரங்கேறியது.

நர்ஸ் நெல்லியாக நடித்த மேரி மார்ட்டின், காட்சிக்குக் காட்சி மேடையிலேயே ஷவரைத் திறந்து, நுரை பொங்கத் தலைக்குக் குளித்தார். காதலனைத் தலைமுழுகுகிறாளாம்! இதற்காகவே கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டார். அரங்கம் குலுங்கிச் சிரித்த இடம் இது.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் நாடகம் தன் வேலையைக் காட்டுகிறது. காதலனான பிரெஞ்சுத் தோட்ட முதலாளி எமிலின் பிள்ளைகள் பாலினேசியத் தாய்க்குப் பிறந்தவர்கள் என்று தெரிந்ததும் நெல்லி பின்வாங்குகிறாள். இன்னொரு காதலில் லெப்டினன்ட் கேபிளோ, உயிராய் நேசிக்கும் லியாட்டை வேற்றினத்தவள் என்பதால் மணக்க மறுக்கிறான். மனம் மாறியபோது போர் அவனை விட்டுவைக்கவில்லை. இனவெறி பிறவியில் வருவதல்ல, ஊட்டி வளர்க்கப்படுவது என்று அவன் பாடும் பாட்டை நீக்கச் சொன்னார்கள். ஆசிரியர்கள் அசைந்து கொடுக்கவில்லை. நாடகம் 1,925 காட்சிகள் ஓடியது.