நீரை விற்ற சொற்கள்

ஊற்று நீருக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்னும் நம்பிக்கை மிகப் பழமையானது. ஐரோப்பாவின் வெந்நீர் ஊற்றுகளை நாடி மூட்டுவலி உற்றோர் பல நூற்றாண்டுகளாகப் பயணம் செய்துவந்தனர். வெதுவெதுப்பான நீரில் அமிழ்ந்திருப்பது வலிக்கு இதமளித்திருக்கும். ஓய்வும் இடமாற்றமும் உடன் உதவியிருக்கும். ஆயினும், நீருக்குள்ளேயே ஏதோ மறைபொருள் இருப்பதாகக் கருதியோருக்கு 1903ஆம் ஆண்டில் ஒரு சான்று கிடைத்ததுபோல் தோன்றியது. எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்சன், கிணற்று நீரில் கதிரியக்க வளிமம் கலந்திருப்பதைக் கண்டு வெளியிட்டார். புகழ்பெற்ற ஊற்றுகள் பலவற்றிலும் அவ்வளிமம் இருப்பது பின்னர்த் தெரியவந்தது. அதனை இன்று ரேடான் என்கிறோம்.

இதுவரை சொல்லப்பட்ட கண்டுபிடிப்பு முழுவதும் உண்மை. ஊற்று நீர் நலம் தருகிறது, ஊற்று நீரில் ரேடான் இருக்கிறது, ஆகவே ரேடானே மருந்து என்று முடிவுகட்டிய இடத்தில்தான் பிழை நுழைந்தது. அந்த மூன்றாம் கூற்றை எவரும் முறையாகச் சோதித்து நிறுவவில்லை. ரேடானின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 3.8 நாள், ஆதலால் ஊற்றில் முகந்த நீரில் அது விரைவில் குறைந்துவிடும். நீர் இழந்த உயிரை வீட்டிலேயே மீட்டுத் தருகிறோம் என்று வணிகர்கள் முன்வந்தனர். ரெவிகேட்டர் என்னும் சாடி 1912இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதன் உட்புறம் ரேடியம் கலந்த கனிமத்தால் ஆனது. இரவில் நீரை ஊற்றிவைத்துப் பகலெல்லாம் பருகவேண்டும். போலிகளைத் தடுக்க முனைந்த அமெரிக்க மருத்துவக் கழகமும், போதிய ரேடானை வெளியிடாத கருவிகளுக்கே ஒப்புதல் மறுத்தது. கதிரியக்கம் இல்லாத நீர்தான் அன்றைக்கு மோசடி!

ரேடிதார்

சாடியைவிடக் கொடியது குப்பி. வில்லியம் பெய்லி என்பவர் 1925 முதல் நியூ செர்சி மாநிலத்தில் ரேடிதார் என்னும் நீரை விற்றார். வாலைவடி நீரில் ரேடியத்தின் இருவகை ஐசோடோப்புகள் அதில் கலக்கப்பட்டிருந்தன. ஹார்வர்டு பல்கலைக்கழகப் படிப்பை இடையில் நிறுத்திய பெய்லி, தம்மை மருத்துவர் என்று கூறிக்கொண்டார். ஏறத்தாழ 15 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு குப்பியின் விலை ஒரு டாலர். பரிந்துரைத்த மருத்துவர்களுக்குக் கழிவும் உண்டு. நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட குப்பிகள் விற்றன.

பிட்ஸ்பர்க் நகரத் தொழிலதிபர் எபன் பையர்ஸ், 1906இல் அமெரிக்கத் தொழில்சாரா கோல்ஃப் போட்டியில் வாகை சூடியவர். 1927இல் தொடர்வண்டியின் படுக்கையிலிருந்து விழுந்து அவருக்குக் கையில் அடிபட்டது. மருத்துவர் ஒருவர் ரேடிதாரைப் பரிந்துரைத்தார். பருகியபின் புத்துணர்வு பெற்றதாகவே பையர்ஸ் நம்பினார்; நண்பர்களுக்கும் வாங்கி அனுப்பினார். நாள்போக்கில் தானே ஆறக்கூடிய காயத்திற்கு எதனைப் பருகினாலும் அதற்கே புகழ் சேரும் என்பதை இங்கு நினைவில் கொள்ளவேண்டும். மூன்றாண்டுகளுக்குள் அவர் ஏறத்தாழ 1,400 குப்பிகளைப் பருகிவிட்டார்.

ரேடியம் வேதிப்பண்பில் கால்சியத்தை ஒத்தது. உடல் அதனைப் பிரித்தறியாமல் எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. அங்கே தங்கிய ரேடியம் ஆல்ஃபா துகள்களை இடைவிடாது உமிழ்ந்து அருகிலுள்ள செல்களை அழிக்கிறது. பையர்சின் பற்கள் உதிர்ந்தன. தாடையெலும்பின் பெரும்பகுதி சிதைந்தது. கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விசாரணைக்கு வரவியலாத நிலையில், அவருடைய வாக்குமூலம் வீட்டிலேயே பெறப்பட்டது. 1931 டிசம்பரில் ஆணையம் ரேடிதார் விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. 1932 மார்ச் 31ஆம் நாள் பையர்ஸ் தமது 51ஆம் அகவையில் இறந்தார். ஈயம் பதித்த பெட்டியில் அடக்கம் செய்யப்பட்டார். 1965இல் ஆய்வுக்காகத் தோண்டியெடுத்தபோதும் அவருடைய எலும்புகள் கதிரியக்கம் கொண்டிருந்தன. ரேடியம்-226இன் அரை ஆயுட்காலம் 1,600 ஆண்டுகள் என்பதால் இதில் வியப்பில்லை.

காரமும் பழுப்பும்

இன்று ரேடிய நீர் இல்லை. ஆனால், அதனை விற்ற முறை மறையவில்லை. மின்னாற்பகுப்புக் கருவியில் செலுத்திக் காரத்தன்மை ஏற்றிய நீர், உடலின் அமிலத்தைப் போக்கிப் புற்றுநோய் வரையிலான பிணிகளைத் தீர்க்கும் என்கின்றனர். மின்னாற்பகுப்பில் ஒருபுறம் காரநீர் கிடைப்பது உண்மை. அதன்பின் வருவதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வேறு உப்புகள் கலவாத, பி.எச். மதிப்பு 9 உடைய ஒரு லிட்டர் நீரை நடுநிலையாக்க, பி.எச். மதிப்பு 2 உடைய இரைப்பை நீர் ஒரு மில்லிலிட்டர் போதும். இரத்தத்தின் பி.எச். மதிப்போ நாம் பருகும் நீரைப் பொறுத்து மாறுவதில்லை. நுரையீரலும் சிறுநீரகமும் அதனை 7.35 முதல் 7.45 வரையிலான சிற்றெல்லைக்குள் காக்கின்றன. இந்நீர் தன்னளவில் பெரும்பாலோருக்குத் தீங்கற்றதாக இருக்கலாம். அதனை நம்பி மருத்துவத்தைக் கைவிடும் நோயாளிக்கு அவ்வாறு சொல்லவியலாது.

நம் ஊர்களில் சுத்திகரிப்புக் கருவி விற்போர் சிலர் வாயிற்படியிலேயே செய்துகாட்டும் சோதனை ஒன்று உண்டு. ஒரு குவளையில் குழாய் நீர், மற்றொன்றில் சுத்திகரித்த நீர். இரண்டிலும் மின்வாய்களை இறக்கி மின்னோட்டம் செலுத்துவர். குழாய் நீர் கலங்கிப் பழுப்பேறும். மற்றது தெளிவாகவே இருக்கும். இத்தனை நாள் குழந்தைக்கு இதையா கொடுத்தோம் என்று தாய் அஞ்சுவார். உண்மையில், அந்தப் பழுப்பு பெரும்பாலும் இரும்பு மின்வாயிலிருந்து கரைந்து வந்தது. குழாய் நீரில் இயல்பாக உள்ள உப்புகள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. உப்பு நீக்கிய நீர் அரிதாகவே கடத்துகிறது. கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவாகக் கொள்கிறது. நோய்க்கிருமிகள் உண்டா என்பதைப் பற்றி இச்சோதனை ஒன்றும் சொல்வதில்லை.

இதனை வகுப்பறையிலேயே சரிபார்க்கலாம். ஒன்பது வோல்ட் மின்கலம் ஒன்றும் இரும்பு ஆணிகள் இரண்டும் போதும். சுத்திகரித்த நீரில் ஆணிகளை இறக்கி மின்கலத்துடன் இணைத்தால் பெரிதாக மாற்றம் தெரியாது. அதே நீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைக் கரைத்து மீண்டும் இணைத்தால், சற்று நேரத்தில் அதுவும் பச்சையும் பழுப்புமாகக் கலங்கும்.