உங்களுக்குத் தெரியுமா? மடிப்பும் காய்ச்சலும் ஒரே இடத்திலிருந்து!

சீனாவின் ஷார் பெய் நாய்க்கு அழகு தருகிற தோல் மடிப்புதான் அதன் நோய்க்கும் அடையாளம். தோலில் ஹயலூரோனிக் அமிலம் அளவுக்கு மீறிச் சேர்வதால் மடிப்பு விழுகிறது. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்துக்கும், இந்த இனத்துக்கு அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் தொடர்பு இருப்பதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காய்ச்சல் ஓரிரு நாளில் தணியும். திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகம் கெடலாம்.

• தென்சீனாவின் குவாங்டொங் பகுதியில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த நாய் இது. எதிரி தோலைக் கவ்வினாலும், தொளதொளத்த தோலுக்குள் உடம்பைத் திருப்பிப் பதிலுக்குக் கடித்துவிடும்! முடியோ உப்புத்தாள் போலச் சொரசொரப்பு.

• நாக்கு கருநீலம்.

• 1973இல் ஹாங்காங்கின் நாய் வளர்ப்பாளர் மாட்கோ லா, இந்த இனத்தைக் காப்பாற்றுங்கள் என்று அமெரிக்க நாய் இதழ் ஒன்றின் வழியே வேண்டினார். 1978இல் உலகின் மிக அரிய நாயினம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது.

• வளர்ப்பவர் கவனத்துக்கு: குளிப்பாட்டியபின் மடிப்புகளுக்குள் ஈரம் தங்கவே கூடாது, புண்ணாகும். காதுத்துளை குறுகல், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இமை உள்நோக்கி மடங்கி விழியை உரசும் குட்டிகளுக்குக் கால்நடை மருத்துவர் தற்காலிகத் தையல் போடுவதுண்டு. வெயில் ஆகாது.

• பழைய கிராமத்து நாய்க்கு இவ்வளவு மடிப்பு கிடையாது. மேலைநாட்டு ரசிகர்கள் கேட்டுக் கேட்டுக் கூட்டியது!