பிரமிடைக் கட்டியது பிர்அவ்னா?

எகிப்து என்றதும் நம் வீட்டுப் பிள்ளைகளின் நினைவுக்கு முதலில் வருபவன் பிர்அவ்ன்தான். பிரமிடுகளையும் அவனே கட்டினான், பனூ இஸ்ராயீல்களைச் சாட்டையால் அடித்து வேலை வாங்கினான் என்று கதை சொல்லும் தாய்மாரும் உண்டு. இது சரிதானா?

கெய்ரோவுக்கு அருகே கீஸாவில் மூன்று பெரிய பிரமிடுகள் நிற்கின்றன. அவற்றுள் பெரியது கூபு மன்னனின் சமாதி. சுமார் 4,500 ஆண்டுகள் பழைமையானது. ஏறத்தாழ 23 இலட்சம் கற்களால் 146 மீற்றர் உயரத்துக்கு எழுப்பப்பட்டது. மூஸா நபி (அலை) வாழ்ந்ததாக வரலாற்றாசிரியர் கருதும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தியது. எனவே அந்தக் கொடுங்கோலன் இதைக் கட்டியிருக்க முடியாது.

அப்படியானால் கட்டியவர்கள் யார்? 1990இல் பிரமிடுகளுக்குத் தெற்கே ஒரு குதிரையின் கால் பழைய மண்கல் சுவரொன்றில் இடறியது. அவ்விடத்தைத் தோண்டியபோது தொழிலாளரின் கல்லறைகள் வெளிப்பட்டன. எலும்புகளில் பாரம் சுமந்து தேய்ந்த முதுகெலும்புகள் இருந்தன. முறிந்து, கட்டுப்போட்டுக் குணமான கைகளும் இருந்தன. அடிமைகளை மன்னனின் சமாதிக்கருகே இப்படி அடக்கியிருக்கமாட்டார்கள் என்பது ஆய்வாளர் முடிவு. 2013இல் செங்கடலோரம் கிடைத்த பபைரஸ் ஏடுகளில், மெரெர் என்ற மேற்பார்வையாளர் தூராவிலிருந்து படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த நாட்கணக்கை எழுதி வைத்திருக்கிறார்.

இன்று உல்லாசப் பயணிகள் உள்ளே நுழைவது, கலீபா மஃமூன் 9ஆம் நூற்றாண்டில் குடையச் செய்ததாகச் சொல்லப்படும் வழியால். உள்ளே செல்லத் தனி டிக்கட் வாங்கவேண்டும். பாதை குறுகலானது, குனிந்தபடி ஏறவேண்டும், புழுக்கமும் அதிகம். முழங்கால் வலியோ தொய்வோ உள்ள சகோதரிகள் வெளியே நின்று பார்ப்பதே நல்லது. ஒட்டகத்தில் ஏறுமுன் கூலியைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மேலே சென்றால் கருங்கல் அறையொன்றில் மூடியில்லாத கற்பெட்டி மட்டுமே இருக்கிறது. இத்தனை கற்களை அடுக்கியும் மன்னனின் உடல் அங்கே இல்லை! பலர் மூஸா நபி காலத்துப் பிர்அவ்ன் என எண்ணும் இரண்டாம் ராம்ஸேஸின் உடலோ, 2021 ஏப்ரலில் வேறு அரச உடல்களுடன் புஸ்தாத் நூதனசாலைக்குக் கொண்டுவரப்பட்டது. புஸ்தாத், அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) நிறுவிய நகரம்.

அடுத்த முறை பிள்ளைகளுக்குப் பிரமிடின் கதையைச் சொல்லும்போது, மன்னனோடு நிறுத்திவிடாமல், கல் சுமந்து முதுகு தேய்ந்த அந்த மனிதர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.